தொடாமல் வைத்த பின் தாங்கி

போன கிழமை நிவேதா போன் எடுத்தாள். சிட்னியின் பிளாக்டவுனில் நான் பதினொரு வருடம் வேலை செய்த கராஜில் இப்போது அவள் மூன்றாம் வருடப் பயிற்சியில் இருக்கிறாள். சேலத்துப் பெண்.

"அக்கா, ரெண்டு டேங்க் வச்ச பழைய யூட் வண்டி ஒண்ணு வந்திருக்கு. முன் டேங்க்ல நல்லா ஓடுது. பின் டேங்குக்கு மாத்தினா இருமிட்டு நின்னுடுது. இங்க யாரும் இந்த மாதிரி வண்டியைத் தொட்டதே இல்லையாம். எல்லாரும் இப்ப பேட்டரி வண்டிதான் பேசுறாங்க. மிக் சொன்னார், யசோவைக் கேள், அவளுக்கு அது மறக்காதுன்னு."

"சிரிச்சுக்கொண்டோ சொன்னவர்?"

"அவர் எப்பக்கா சிரிச்சிருக்கார்?"

சுவிட்சை மாற்றும்போது நடுவிலுள்ள வால்வு அசையும் சத்தம் கேட்கிறதா பார், வால்வுக்கு மின்சாரம் வருகிறதா பார், பின் தாங்கிக்குள் உள்ள வலை அடைபட்டிருக்கிறதா பார், அந்தப் பெற்றோல் எத்தனை நாள் பழையது என்று சொந்தக்காரரைக் கேள் என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். இன்னொரு விசயமும் இருந்தது. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேலை அட்டையில கையெழுத்துப் போட முதல், நான் எழுதி அனுப்புறதை வாசி" என்றேன். இது அதுதான்.

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு வயது முப்பத்து நான்கு. இந்த வலது தோளை வைத்துக்கொண்டு தலைக்கு மேலே கையை உயர்த்தி இனி வேலை செய்ய முடியாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். இப்போது ஒரு மேசையும் கதிரையும் தந்திருக்கிறார்கள். கருவிப் பெட்டி வீட்டில், குசினிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கிளிநொச்சிப் பக்கத்தில் வயல் கூலி. அம்மா பள்ளிக்கூட வாசலைக் கண்டதில்லை. சிட்னிக்கு வந்த பிறகு குடிவரவுக் கடிதத்திலிருந்து தண்ணீர் பில் வரை எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். நான் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் அப்பா ஒரு புள்ளடி போடுவார். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபோது கோயிலில் ஒரு அன்ரி, "என்ன, மெடிசினோ, எஞ்சினியரிங்கோ?" என்று கேட்டா. "எஞ்சின்" என்றேன். அம்மா மட்டும் சிரித்தா. நாலு வருடப் பயிற்சி எப்படிப் போனது என்று இப்போது நினைவில்லை. சான்றிதழ் வந்த அன்று அதில் என் பெயரை அப்பா விரலால் தடவிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. அதன் பிறகு நான் போட்ட கையெழுத்தெல்லாம் பெரிய கையெழுத்து. வேலை அட்டையின் கால்வாசியை அது எடுத்துக்கொள்ளும்.

மிக் எங்கள் ஃபோர்மன். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். வேலையில் பிழை வந்தால் அவர் கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டு, நாங்கள் எழுதிய அட்டையை எடுத்து எங்களுக்கே வாசிப்பார். வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில், ஒரு சொல்லும் விடாமல், கடைசியில் எங்கள் பெயரையும் சேர்த்து வாசிப்பார். பிறகு அட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவார். எந்த வரி பொய் என்பதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அவர் முதல் ஏழு வருடத்தில் இரண்டு தரம்தான் வாசித்திருந்தார். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

மூன்றாவது தரம் இராசன் அங்கிளின் யூட்.

இராசன் அங்கிள் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறார். வேலி அடிக்கிற தொழில். பின்னால் திறந்த பெட்டியில் வேலிக் கட்டைகளை ஏற்றுகிற அவருடைய வெள்ளை யூட் நிவேதாவைவிட வயது கூடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பக்கத்துச் சீற்றில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அவவை நான் அன்ரி என்பேன்.

"பிள்ளை, இது பெற்றோல் குடிக்குது. முந்தி ஒருக்கா அடிச்சா ஒரு கிழமை ஓடுவன். இப்ப நாலு நாள்தான். பின்னால மணமும் அடிக்குது."

"பின் தாங்கியில எவ்வளவு கிடக்கு, அங்கிள்?"

"முட்ட."

"எப்ப அடிச்சது?"

அங்கிள் அன்ரியைத் திரும்பிப் பார்த்தார். "மூத்தவன் யூனிவர்சிற்றிக்குப் போகேக்க" என்றா அன்ரி. மூத்தவன் அப்போது டபோவில் நேர்ஸாக இருந்தான். கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருந்தது.

"அது கையிருப்பு பிள்ளை. தொடுறதில்லை."

ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். போரில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் அவர் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். மண்ணெண்ணெயில் ஓடுமே தவிர ஸ்ராட் ஆகாது. அதற்குச் சில துளி பெற்றோல் வேண்டும். மூத்தவன் பிறக்க அன்ரிக்கு வலி கண்ட அன்று அந்தச் சில துளியும் வீட்டில் இல்லை. அன்ரியைச் சைக்கிள் கரியரில் இருத்தி ஒன்பது மைல் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஒன்பது இல்லை, ஆறு" என்றா அன்ரி.

"இருந்தவளுக்கு ஆறு. உருட்டினவனுக்கு ஒன்பது."

நான் சிரித்தேன். சிரித்ததோடு அதை விட்டுவிட்டேன். வருடக்கணக்காக ஒரே பக்கத்தில் கிடந்த சுவிட்ச் அந்த வால்வை என்ன செய்திருக்கும் என்று அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

நிவேதா, இந்த இடத்தை ஆறுதலாக வாசி. பம்ப் எஞ்சினுக்குத் தேவையானதைவிடக் கூடுதலான பெற்றோலை இழுத்து அனுப்பும். எரியாத மிச்சம் இன்னொரு குழாயால் தாங்கிக்குத் திரும்பும். இரண்டு தாங்கி என்றால் எடுக்கிற வழியும் இரண்டு, திரும்புகிற வழியும் இரண்டு. சுவிட்சை மாற்றினால் நடுவிலுள்ள ஒரே வால்வு இரண்டு வழியையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன் தாங்கியில் எடுத்தது முன் தாங்கிக்கே திரும்ப வேண்டும். பெற்றோல் முள்ளோ ஒன்றுதான். சுவிட்ச் எந்தப் பக்கமோ அந்தத் தாங்கியை மட்டும் காட்டும். மற்றத் தாங்கியில் என்ன நடக்கிறது என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது.

யூட்டை உயர்த்திப் பார்த்தேன். பின் தாங்கியின் வாய்க்குப் போகிற ரப்பர் குழாய் வெடித்திருந்தது. மணத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன். குழாயை மாற்றுவதற்காகப் பின் தாங்கியை வடித்தேன். வெறும் தேத்தண்ணி நிறத்தில், பழைய வார்னிஷ் மணத்தோடு வந்தது அங்கிளின் கையிருப்பு. புதுக் குழாயைப் பூட்டி, சோதிப்பதற்காக ஐந்து லீற்றர் புதுப் பெற்றோலைப் பின் தாங்கிக்குள் விட்டேன். பின் தாங்கியில் ஓட்டினேன், ஓடியது. முன்னுக்கு மாற்றினேன், அதிலும் ஓடியது. முன் தாங்கியிலேயே இருபது நிமிடம் தெருவில் ஓட்டிவிட்டு வந்தேன். முற்றத்தில் நிறுத்தும்போது இன்னொரு தரம் பின்னுக்கு மாற்றினேன். முள் எழும்பிக் கால்வாசிக்குக் கிட்ட நின்றது.

ஐந்து லீற்றருக்கு முள் அவ்வளவு எழும்பாது. முற்றம் சரிவு, அதனால் மிதவை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பிறகு அட்டையை எடுத்து எழுதினேன்: பின் தாங்கிக் குழாய் மாற்றப்பட்டது. இரண்டு தாங்கிகளும் சோதிக்கப்பட்டன. இரண்டும் நன்று. அதன் கீழே என் பெரிய கையெழுத்து.

பின்னேரம் அங்கிள் வந்து யூட்டின் திறப்பை வாங்கினார். பழைய பெற்றோலைக் கேட்டார். அதை இனி எதற்கும் பாவிக்கக் கூடாது என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது.

"சரி, புதுசா அடிப்பம். நாளைக்கு டபோவுக்குப் போறம். பேரனுக்குப் பல் முளைச்சிட்டுது, ஞாயிற்றுக்கிழமை பல்லுக் கொழுக்கட்டை. அன்ரி மா வறுத்து வைச்சிட்டா. காலமை பின் தாங்கியை முட்ட அடிச்சுக்கொண்டு, மேய்ஸ் ஹில் கோயிலில ஒரு பூசையும் போட்டிட்டு மலை ஏறுவம்."

"நல்லது அங்கிள், போயிட்டு வாங்கோ" என்றேன்.

சனிக்கிழமை காலை வென்ற்வேர்த்வில்லில் என்னுடைய சின்னக் காருக்குப் பெற்றோல் அடித்தேன். உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பியதும் முள் மெதுவாக எழும்பியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெள்ளிக்கிழமை முற்றத்தில் எழும்பிய முள் நினைவுக்கு வந்தது. முன் தாங்கியில் ஓடிய இருபது நிமிடத்தில் பின் தாங்கிக்குள் பெற்றோல் கூடியிருக்கிறது. திரும்புகிற வழி முழுதாக மூடவில்லை. முன்னால் எடுத்ததில் ஒரு பங்கு பின்னுக்குப் போயிருக்கிறது. வேறு யாருடைய யூட் என்றாலும் பின் தாங்கியில் இடம் இருக்கும், எப்போதாவது முள்ளைப் பார்த்து அதிசயப்படுவார்கள். இராசன் அங்கிளின் பின் தாங்கியில் ஒரு துளிக்கும் இடம் இருக்காது. போகிறதெல்லாம் வெளியே வழியும். வழிகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் புகைக்குழாய்.

அதன் பிறகு இரண்டு நிமிடம் நான் ஒன்றும் செய்யவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். முற்றம் சரிவுதானே என்று இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தேன். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

அங்கிளின் போனுக்கு எடுத்தேன், அது அணைத்துக் கிடந்தது. பற்றரியை மிச்சம் பிடிக்க, தான் கதைக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அவர் அதை உயிர்ப்பிப்பார். அன்ரி போன் வைத்திருப்பதில்லை. மிக்குக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமைகளில் அரை நாள் அவர் கராஜில் இருப்பார். நான் சொன்னதைக் கேட்டார். அலுமாரி திறக்கிற சத்தம் வந்தது.

"பின் தாங்கிக் குழாய் மாற்றப்பட்டது" என்று வாசித்தார். "இரண்டு தாங்கிகளும் சோதிக்கப்பட்டன. இரண்டும் நன்று. யசோதா."

அவர் இந்த முறை போனை வைத்துவிட்டுப் போகவில்லை.

"எடுக்கிற வழியைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"திரும்புகிற வழியை?"

"இல்லை."

"அவர் இப்போது எங்கே?"

"கோயிலில் இருப்பார். பயணம் போகுமுன் வாகனத்துக்குப் பூசை செய்வார்கள்."

"என்ன செய்வார்கள்?"

"சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பார்கள். தேங்காயில் கற்பூரம் கொளுத்தி வண்டியைச் சுற்றிக் கொண்டு வருவார்கள்."

"கற்பூரம் என்றால்?"

"நெருப்பு."

"அப்படியானால் நீ ஏன் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்றார் மிக்.

கோயில் எட்டு நிமிட ஓட்டம். அன்று எல்லாச் சிவப்பு விளக்கும் எனக்காகவே காத்து நின்றன. நெருப்புப் பற்றினால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் மனம் ஓடியது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், மறுபக்கம், ஒன்றும் வழியாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் ஓடியது. பேரனைப் பார்க்கப் போகிறவர்களின் பூசையை நடுவில் மறித்தவள் என்று சிட்னி முழுக்கக் கதைப்பார்கள். எஞ்சின் படிச்ச பிள்ளையின் லட்சணத்தைப் பார் என்பார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் யூட் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தேசிக்காயை நசித்துக்கொண்டு முன்னுக்கு எடுப்பதற்கு ஆயத்தமாக அங்கிள் வேட்டியோடு உள்ளே இருந்தார். அன்ரி பக்கத்தில் கைகூப்பி நின்றா. ஐயர் தேங்காயின் மேல் கற்பூரத்தை வைத்து, தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தேன். பின் சில்லின் அருகே தார் கறுத்து ஈரமாக இருந்தது. அந்த ஈரம் சரிவில் முன்பக்கமாக, ஐயரின் காலடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, கொளுத்தாதேங்கோ!"

அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஐயர் தீக்குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போனார்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ அங்கிள். இறங்குங்கோ. பெற்றோல் வழியுது."

அங்கிள் நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. "என்ன பிள்ளை, நல்ல காரியம் நடக்கேக்க..."

"நான் அப்பவே சொன்னனான் மணக்குதெண்டு" என்றா அன்ரி. "இவர் சொன்னவர் அது புதுக் குழாயின்ட மணமாம். பிள்ளை பார்த்துத் தந்தது, பிழைக்காதாம்."

பக்கத்தில் தன் புதுக் காருக்குப் பூசை போடக் காத்து நின்ற ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆர் தங்கச்சி இதைத் திருத்தினது?"

"நான்தான்" என்றேன். "இரண்டு தாங்கியும் பார்த்தனான் எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சனான். முழுக்கப் பார்க்கேல்லை. என்ட பிழை."

அங்கிள் இறங்கி, குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "தள்ளுங்கோ" என்றார். வேட்டி கட்டியவர்களும் ஜீன்ஸ் போட்டவர்களுமாக ஆறேழு பேர் யூட்டைப் பின்பக்கமாக, ஆட்கள் இல்லாத மூலைக்குத் தள்ளினோம். தள்ளுமுன் அன்ரி தேசிக்காய்களைச் சில்லுகளுக்குப் பின்னால் மாற்றி வைத்திருந்தா; நாலும் ஒவ்வொன்றாக நசிந்தன.

"பின்னால போய் நசிச்சாலும் சரிதானே ஐயா?" என்று அன்ரி கவலையோடு கேட்டா.

"நசிஞ்சா சரி" என்றார் ஐயர்.

என் காரின் திறப்பை அங்கிளிடம் கொடுத்தேன். வறுத்த மா, உடுப்புப் பெட்டி எல்லாவற்றையும் நானே மாற்றி ஏற்றினேன். அவர் என்னை ஏசவில்லை, தேற்றவுமில்லை. கார் அசையுமுன் கண்ணாடியை இறக்கி, "இதுக்கு ஒரு தாங்கிதானே?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னேரம் இரண்டு மணிக்கு மகனுடைய போனிலிருந்து அன்ரி எடுத்து, வந்து சேர்ந்திட்டம் என்று சொல்லும்வரை நான் யூட்டுக்குப் பக்கத்தில், நடைபாதை விளிம்பிலேயே இருந்தேன். யூட்டை ஏற்றிப்போக வந்தவன் இரண்டு தரம் என்னை எழும்பச் சொன்னான்.

திங்கட்கிழமை திரும்பு குழாய்கள் இரண்டையும் தாங்கிகளிலிருந்து கழற்றி, தனித்தனிப் பாத்திரத்துக்குள் விட்டேன். சுவிட்சை முன்னுக்கு வைத்து எஞ்சினை ஓட்டினேன். முன் பாத்திரத்துக்குள் பெற்றோல் கொட்டியது. பின் பாத்திரத்துக்குள்ளும் பென்சில் தடிப்பில் ஒரு நூல் விழுந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான் சோதனை. பத்து நிமிட வேலை. வால்வை வெட்டித் திறந்தபோது உள்ளே பழைய பெற்றோல் பிசின் மாதிரி இறுகி, திரும்புகிற பக்கத்தை முழுதாக மூட விடாமல் பிடித்திருந்தது. புது வால்வு போட்டேன். பின் தாங்கியை வாய்வரை நிரப்பி, மட்டத்தைச் சோக்குக் கட்டியால் குறித்துவிட்டு, முன் தாங்கியில் ஒரு மணித்தியாலம் ஓட விட்டேன். மட்டம் அசையவில்லை.

மிக் புது அட்டை தரவில்லை. பழைய அட்டையையே என் முன்னால் வைத்து, 'இரண்டும் நன்று' என்ற வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். அப்பாவுக்கு நான் விரலை வைத்துக் காட்டுகிற மாதிரி. வெள்ளிக்கிழமை நான் பார்க்காமல் விட்டதை அங்கே எழுதினேன். என் பெரிய கையெழுத்து மிச்ச இடத்தை எடுத்திருந்ததால் இரண்டாவதைச் சின்னதாகத்தான் போட முடிந்தது. அன்றிலிருந்து என் அட்டைகளில் பார்த்ததை ஒரு பக்கமும் பார்க்காததை மறுபக்கமும் எழுதினேன். அங்கிளுக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: கிழமைக்கு ஒரு நாள் பின் தாங்கியில் ஓட்டுங்கோ. "தொட்டா அது கையிருப்பில்லையே" என்றார். "தொடாட்டி அது பெற்றோலே இல்லை, அங்கிள்" என்றேன். அன்ரி அந்தத் தாளை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தா.

அடுத்த சனிக்கிழமை, விட்ட பூசையைச் செய்யவேண்டுமென்று அங்கிள் என்னையும் வரச் சொன்னார். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பின் தாங்கி முட்ட. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புதுத் தேசிக்காய் நாலு. ஐயர் தேங்காயில் கற்பூரத்தை வைத்தார், தீக்குச்சியை எடுத்தார், ஆனால் உரசவில்லை. அங்கிள் யூட்டின் கண்ணாடிக்குள்ளால் தலையை நீட்டி, ஐயரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கொளுத்தலாமோ, பிள்ளை?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. வால்வு புதிது, ஒரு மணித்தியாலம் சோதித்திருந்தேன், அட்டையில் எல்லாம் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

தாரில் படுத்துப் பின்பக்கத்துக்குக் கீழே போனேன். "ஐயோ, சேலை" என்று யாரோ சொன்னார்கள். "சேலை தோய்க்கலாம், பார்க்கட்டும்" என்றா அன்ரி. குழாயைத் தடவினேன். தாங்கியின் விளிம்பைச் சுற்றித் தடவினேன். வால்வில் குழாய்கள் பூட்டிய ஆறு வாயையும் ஒவ்வொன்றாகத் தொட்டு விரலை முகர்ந்தேன். தூசி மட்டும் மணந்தது. அப்படியே கிடந்து நூறு எண்ணினேன். பிறகு எழும்பி வந்தேன்.

"ஓம் ஐயா, கொளுத்துங்கோ."

அவர் கொளுத்தினார். மூன்று சுற்றுச் சுற்றி, தேங்காயை உடைத்து, அந்தச் சுவாலை தரையில் அணையும்வரை நான் பின் சில்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.